சலவையில் போன அட்டை

எங்கள் காகித ஆலையில் முதலுதவிக்காரர்கள் ஆறு பேர்.
ஐந்து பேருக்கு ரத்தம், தீக்காயம், நின்றுபோன இதயம்.
ஆறாவது நான்.
பெயர் கேட்ட கூட்டத்தன்று பல் பிடுங்கப் போயிருந்தேன்.
வராதவள் தலையில் கட்டிவிட்டார்கள்
மனசை.

பயிற்சி ஓவுலு நகரத்தில், இரண்டு நாள்.
மதியம் இரண்டுக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
நெஞ்சை அழுத்திப் பழக பொம்மை உண்டு;
இதற்கு இல்லை.
எதிரெதிரே உட்காரச் சொன்னார்கள்,
நாலு நிமிடம், பேசாமல்.
எனக்கு வாய்த்த தபால்காரர்
மூன்றாம் நிமிடம் சிரித்தார்,
பிறகு மூக்கைச் சிந்தினார்.

முடிவில் ஒரு பச்சை அட்டை.
எதைக் கவனிக்க, எதைச் சொல்ல, எதைச் சொல்லாமலிருக்க.
சட்டைப்பையோடு துவைத்துவிட்டேன்.
காய்ந்தபின் தேறியது ஒரே சொல்:
கேள்.

ரெய்யோ உருளைகளை எடை போடுபவன்.
இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கிலோ தப்பியதில்லை.
நவம்பரில் மூன்று முறை தப்பியது.
மேலாளர் தராசைப் பார்க்க ஆள் கூப்பிட்டார்.
தராசில் ஒரு குறையும் இல்லை.

பிறகு தன் பனித்துளைப்பானை
யூசோவுக்குக் கொடுத்தான்.
"சும்மா குடுத்துட்டார், தூண்டிலெல்லாம் சேர்த்து!"
ஆலை முழுக்கக் காட்டித் திரிந்தான் பையன்.
நல்ல மனுஷன் என்றார்கள் காப்பி அறையில்.
எனக்கு அடிவயிற்றில் என்னவோ புரண்டது.
ஏரி இறுகத் தொடங்கும் வாரத்தில்
எந்த மீன்பிடிக்காரன் தூண்டிலைத் தானம் செய்வான்?

மூன்று நாள் கேட்கவில்லை.
அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.
மூன்று நாளும்
அவன் சாப்பாட்டு டப்பா மூடியபடி வீடு திரும்பியதைப் பார்த்தேன்,
பார்த்துவிட்டு
குளிரைப் பற்றிப் பேசினேன்.

நாலாம் நாள், இரவு மூன்று இருபதுக்குக் காகிதம் அறுந்தது.
இயந்திரம் நின்றால் இங்கே யாருக்கும் கை கால் ஓடாது.
அத்தனை அமைதி.
காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு
அவன் பக்கத்துக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன்.

"ரெய்யோ, செத்துப்போயிடலாம்னு தோணுதா உனக்கு?"

வாயிலிருந்து வந்தபின்தான் தெரிந்தது
அந்தக் கேள்வி எவ்வளவு சின்னது என்று.

எங்கள் பக்கம் ஆமாம் என்பதை
மூச்சை உள்ளிழுத்தபடி சொல்வோம்.
சொல் வெளியே வராது,
சொன்னவனுக்குள்ளேயே திரும்பிப் போகும்.
அவன் அப்படித்தான் சொன்னான்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நுனிநாக்கு வரை வந்தது.
உன் மகள் இருக்கிறாளே என்பதும்.
கடித்துக்கொண்டேன், பல் பிடுங்கிய பக்கமாகவே.
எங்கள் விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது;
மேற்பார்வையாளர் ஒலிபெருக்கியில் என் பெயரை இரண்டு முறை சொன்னார்.
போகவில்லை.
ரெய்யோ பேசினான்.
என்ன பேசினான் என்பது இந்தக் கவிதைக்குச் சொந்தமில்லை.

ஆறரைக்கு நர்ஸ் ஹில்காவின் கதவு திறக்கும்.
அதுவரை இருவரும் நடைபாதையில் நின்றோம்,
பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல.
கதவு திறந்தது. அவனோடு நானும் உள்ளே போனேன்.

படிவம் நிரப்பச் சொன்னார்கள்.
அதில் ஒரு மனித உருவம்:
காயம்பட்ட இடத்தைச் சுழிக்கவும்.
பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன்.
சுழிக்காமலே கொடுத்தேன்.
காரில் போய் உட்கார்ந்தால் சாவி துளைக்குள் நுழையவில்லை,
கை அப்படி நடுங்கியது.
இந்தப் பக்கத்து நடுக்கத்துக்கு எந்த அட்டை என்று
யாரும் சொல்லித்தரவில்லை.
தபால்காரரைக் கூப்பிட்டேன்.
எண் இருந்தது, நல்லவேளை, போனில்.

மார்ச்சில் ரெய்யோ அரை ஷிப்டுக்கு வந்தான்.
மெலிந்திருந்தான். எடை இன்னும் சில நாள் தப்புகிறது;
யாரும் தராசைத் திட்டுவதில்லை.
நேற்று யூசோவிடம் போய்,
தரையைப் பார்த்துக்கொண்டே,
அந்தத் துளைப்பானைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டான்.

கொடுத்ததைத் திரும்பக் கேட்பது
எந்த ஊரிலும் அசிங்கம்தான்.
பையன் முகம் சுருங்கிவிட்டது.
முணுமுணுத்தபடி எடுத்துவந்து கொடுத்தான்,
ஒரேயொரு தூண்டிலைத் தனக்கு வைத்துக்கொண்டு.